பட்டியலிட்டுப் படிக்கும் அன்பர்களுக்கு



வருஷம் பிறந்தவுடன் ஒரு நோட்டுப் புத்தகத்தின் முதற்பக்கத்தில் அவ்வாண்டு படிக்க வேண்டிய நூல்களின் பெயர்களை வரிசையாக எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றையும் படித்து முடித்ததும் அதன்மேல் ஒரு கோடிழுத்து, டிசம்பர் முடிவதற்குள் பட்டியல் முழுவதையும் அடித்துத் தீர்த்துவிட வேண்டும் என்னும் சங்கற்பத்தோடு படித்துவரும் உங்களை நான் நன்கு அறிவேன். உங்களுள் ஆசிரியர்கள் உண்டு. பகலெல்லாம் வங்கியிலும் அலுவலகத்திலும் கணக்குப் பார்த்துவிட்டு, இரவில் ஒரு மணி நேரத்தைத் தூக்கத்திடமிருந்து பறித்துக்கொள்கிறவர்கள் உண்டு. அடுப்படி வேலை ஓய்ந்து வீட்டார் படுத்த பின்பு கூடத்து விளக்கின் கீழ் உட்கார்ந்து படிக்கிற தாய்மார்கள் உண்டு. பேருந்திலும் மின்சார ரயிலிலும் நின்றபடியே பக்கம் புரட்டும் இளைஞர்கள் உண்டு. படிப்பதற்கென்று யாரும் உங்களுக்குச் சம்பளம் தருவதில்லை, பரீட்சை வைப்பதுமில்லை. அப்படியிருந்தும் படிக்கிறீர்கள். அதனாலேயே உங்களிடம் மதிப்போடும் சற்று உரிமையோடும் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்னும் ஆவல் நெடுநாளாக என் உள்ளத்தில் இருந்துவருகிறது. புத்தாண்டுப் பட்டியலை நீங்கள் எழுதத் தொடங்குமுன் சொன்னால்தான் அதனால் பயன் உண்டு என்பதால் இப்போது எழுதுகிறேன்.

பட்டியல் போடுவதே கூடாது என்பது என் கட்சியன்று. 1977-ஆம் ஆண்டில் சென்னை அண்ணா சாலையில் ஒரு பள்ளி வளாகத்தில் சிறு அளவில் தொடங்கிய புத்தகக் கண்காட்சி இன்று நூற்றுக்கணக்கான கடைகளோடு பொங்கலையொட்டி ஆண்டுதோறும் நடக்கிறது. அதற்குள் நுழைந்தவன் கையில் ஒரு குறிப்பும் இல்லாவிட்டால், எந்த அட்டை பளபளக்கிறதோ, எந்தக் கடையில் கூட்டம் நெரிகிறதோ, அங்கேதான் அவன் கால் போகும். அவ்வாறு போகாதபடி தடுப்பது பட்டியல். போன வருஷம் யாரோ ஒரு நண்பர் பேச்சுவாக்கில் சொன்ன பெயரையும், ஏதோ ஒரு முன்னுரையில் கண்ட பெயரையும் மறதியிலிருந்து காப்பாற்றி வைப்பதும் பட்டியலே. நானும் ஆண்டுதோறும் அதை எழுதுகிறவன்தான்.

என் மனக்குறை வேறு. ஆண்டின் இறுதியில் நாம் நாலு பேர் ஒன்றாகக் கூடினால், அந்த நாலு பேருக்குள் முதலில் எழுகிற கேள்வி, “எத்தனை புத்தகம் ஆயிற்று?” என்பதாக இருக்கிறது. ஒருவர் ஐம்பது என்கிறார்; அடுத்தவர் எழுபத்தைந்து என்கிறார்; நூறு என்று சொல்கிறவரைச் சுற்றி ஒரு வியப்பு எழுகிறது; பன்னிரண்டு என்று சொல்ல வேண்டியவர் வாயைத் திறப்பதே இல்லை. அந்தப் பன்னிரண்டுக்குள் எவையெவை இருந்தன, அவற்றுள் ஒன்றோடு அவர் எத்தனை மாதம் போராடினார், அதனால் அவருடைய எண்ணத்தில் எந்த மூலை மாறிற்று என்று கேட்பார் இல்லை. நூறு என்றவரிடமும் யாரும் அதைக் கேட்பதில்லை என்பதையும் கவனியுங்கள். எண்ணைக் கேட்டவுடன் பேச்சு முடிந்துவிடுகிறது. புத்தகத்தைப் பற்றிப் பேசுவதற்காகக் கூடினவர்கள் புத்தகத்தைப் பற்றிப் பேசாமலே கலைந்துபோகிறோம்.

எண்ணிக்கை ஒரு மனிதனுடைய படிப்பை எப்படித் திருப்பிவிடுகிறது என்பதை உங்கள் நோட்டுப் புத்தகங்களையே எடுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஜனவரியில் நீங்கள் எழுதிய பெயர்களில் கனமான நூல்கள் சில கட்டாயம் இருக்கும்: ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட பூமணியின் ‘அஞ்ஞாடி’ இருக்கும், டி.எஸ். சொக்கலிங்கம் ‘போரும் வாழ்வும்’ என்று தமிழாக்கிய டால்ஸ்டாயின் பெருநாவல் இருக்கும்; சி.சு. செல்லப்பா தம் முதிய வயதில் மூன்று பாகங்களாக வெளியிட்ட ‘சுதந்திர தாகம்’ இருக்கும். கம்பனோ இளங்கோவோ கூட இருக்கக்கூடும். ஆடி ஆவணி வரையில் அவை அப்படியே நிற்கும். ஐப்பசி பிறந்து, கோடிழுக்க வேண்டிய பெயர்கள் இன்னும் இருபது இருக்கின்றன என்று கண்டவுடன், கை தானாகவே நூறு நூற்றிருபது பக்கமுள்ள நூல்களைத் தேடுகிறது. பட்டியலில் இல்லாத சிறு நூல்களும் அவசர அவசரமாக உள்ளே வந்து சேர்ந்து கணக்கை நேர்செய்கின்றன. பெரிய நூல்கள் அடுத்த ஆண்டுப் பட்டியலுக்குப் பழைய நிலுவையாகப் போகின்றன. அதற்கடுத்த ஆண்டுக்கும் போகின்றன. எந்த நூல்களைப் படிக்க வேண்டும் என்னும் ஏக்கத்தினால் பட்டியல் போடும் பழக்கம் நமக்கு ஏற்பட்டதோ, அந்த நூல்களையே படிக்கவொட்டாமல் அந்தப் பட்டியல் நம்மைத் தடுக்குமானால், அன்பர்களே, அதைப் பற்றி நாம் கூடி யோசிக்க வேண்டாமா?

1880-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் கும்பகோணத்தில் நிகழ்ந்த ஒரு சம்பாஷணையை உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். உ.வே. சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ என்னும் நூலில் அதை விரிவாக எழுதியிருப்பதால் உங்களிற் பலர் அதைப் படித்திருப்பீர்கள். எனினும் பட்டியல் போடுகிறவர்கள் அதை மற்றொரு முறை படித்துப் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஐயருக்கு அப்போது இருபத்தைந்து வயது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பல ஆண்டுகள் பாடங்கேட்டுத் தேர்ந்து, கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த புதிது. திருவாவடுதுறை ஆதீனத்தின் தலைவர் சொல்லியனுப்பியபடி, அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். ஐயருக்கு அது சந்தோஷமான கேள்வி. அந்தாதிகளில் இத்தனை, பிள்ளைத்தமிழ்களில் இத்தனை, கோவைகளும் உலாக்களும் கலம்பகங்களும் புராணங்களும் இன்னின்னவை என்று ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினார். பொய்யாகச் சொன்ன பெயர் அதில் ஒன்றும் இல்லை. அத்தனையும் அவர் முறையாகக் கற்றவை, பெரும்பகுதியை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர் அவர். முதலியார் முகத்தில் ஒரு மாறுதலும் தோன்றவில்லை. இவற்றையெல்லாம் படித்து என்ன பிரயோஜனம் என்று கேட்டுவிட்டு, இவற்றுக்கெல்லாம் மூலமாகிய பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவகசிந்தாமணியும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் தெரியுமா என்று வினவினார். ஐயர் அவற்றைப் படித்ததில்லை. அவருடைய ஆசிரியரும் படித்தவர் அல்லர்.

இந்தச் சம்பவத்தை எடுத்துச் சொல்கிறவர்கள் வழக்கமாக முதலியாரின் பெருமையையும் பழந்தமிழ் நூல்கள் மறதியில் கிடந்த பரிதாபத்தையும் சொல்லி நிறுத்துகிறார்கள். நான் உங்கள் கவனத்தைத் திருப்ப விரும்புவது அதற்குப் பின் நடந்தவற்றின்மேல். முதலியாரிடமிருந்து சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதி ஒன்று ஐயருக்குக் கிடைத்தது. படித்தார், விளங்கவில்லை. அவர் அறிந்த தமிழே அது. ஆயினும் அதில் வரும் சமயக் கருத்துகளும் மரபுகளும் அவர் அறியாதவை. கும்பகோணத்தில் வாழ்ந்த சைனர்களைத் தேடிப்போய்க் கேட்டார். நச்சினார்க்கினியர் அந்நூலுக்கு எழுதிய உரையில் நூற்பெயர் சொல்லாமலே எடுத்துக்காட்டிச் செல்லும் வரிகள் எந்த நூல்களுக்கு உரியவை என்று தெரியாமல் திகைத்தார். அவற்றைத் துருவிக்கொண்டே போனபோது மடத்துச் சுவடிகளுக்குள் சங்க நூல்கள் அவர் கண்ணுக்குப் புலப்பட்டன. ஊர் ஊராகச் சுவடிகளை வருவித்து ஒப்பிட்டார். சிந்தாமணி அச்சாகி வெளிவந்தது 1887-இல். ஏறத்தாழ ஏழாண்டுகள் ஒரே நூல்! அந்த ஒரு நூல் கை பிடித்து அழைத்துச் சென்ற வழியில்தான் 1889-இல் பத்துப்பாட்டும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும், 1898-இல் மணிமேகலையும் வந்தன. அவர் முதலியாரிடம் ஒப்பித்த பட்டியல், ஆசிரியரும் மடமும் காலத்து வழக்கமும் அவருக்கு வகுத்துக் கொடுத்தது. அதன்பின் அவர் வாழ்நாள் முழுதும் பின்பற்றிய பட்டியலை எழுதியது சிந்தாமணி. ஆழ்ந்து படிக்கப்பட்ட ஒரு நூல், அடுத்துப் படிக்க வேண்டியவை எவை என்பதைத் தானே சொல்லிவிடுகிறது. அதைச் சொல்லும் அளவுக்கு நாம் அதனோடு தங்கியிருக்க வேண்டும் என்பதுதான் அதன் நிபந்தனை.

‘என் சரித்திர’த்தில் எனக்கு மிகவும் பிடித்த மற்றொரு பகுதி உண்டு. ஐயர் ஒருநாள் பாடங்கேட்பதற்காகத் தமக்கு வேண்டிய சைனர் ஒருவருடைய வீட்டுக்குப் போகிறார். வாசலில் கோலமும் தோரணமுமாக வீடு விழாக்கோலம் பூண்டிருக்கிறது. என்ன விசேஷம் என்று கேட்கிறார். சிந்தாமணி படித்து முடித்தோம், அதற்காகத்தான் என்கிறார்கள். பல மாதங்களாக அந்நூலைச் சிரவணம் செய்துவந்து, அது பூர்த்தியான நாளைக் குடும்பத்தோடு கொண்டாடுகிறார்கள். தமிழ்நாட்டில் கற்றோர் பெரும்பாலோர் பெயரளவில்கூட அறியாதிருந்த காவியம், ஒரு வீட்டுக் கூடத்தில் இப்படிப் பூஜிக்கப்பட்டு வந்ததைக் கண்டு ஐயர் மெய்ம்மறந்து நின்றார். புத்தகம் படித்து முடிந்ததற்காக வாசலில் தோரணம் கட்டிய மனிதர்கள் நம் முன்னோர் என்பதை நினைக்கும்போது, கோடிழுத்த கை மை உலருமுன் அடுத்த நூலை எடுக்கும் நம்முடைய அவசரம் எனக்கு வருத்தத்தைத் தருகிறது.

சைனர் வீடுகளில் மட்டும் நடந்ததன்று இது. தொண்டைமண்டலத்துக் கிராமங்களில் திரௌபதியம்மன் கோயில் திருவிழாவையொட்டி வில்லிபாரதத்தை நாள்கணக்கில் பிரசங்கம் செய்வதை இன்றும் கேட்கலாம். இராமாயணப் பிரசங்கம் பட்டாபிஷேகத்தில் வந்து முடியும் நாளில் ஊரே திரண்டு வரும். திருவாசகத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஓதும் முற்றோதலுக்குச் சிவனடியார்கள் ஒரு பகலை முழுதாக ஒதுக்குகிறார்கள். திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாருடைய வீட்டில் கூடிய வட்டத்தொட்டியில், கம்பனுடைய பாடல் ஒன்றையே எடுத்துக்கொண்டு, சொல் சொல்லாக, தொனி தொனியாகச் சுவைத்துப் பொழுது போவதே தெரியாமல் அன்பர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கம்பராமாயணம் பதினாயிரம் பாடல்களுக்கு மேற்பட்டது. அந்த வேகத்தில் போனால் ஒரு ஜன்மம் போதாது என்று அங்கே யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இப்படிப்பட்ட சம்பிரதாயத்தில் வந்த நாம், மேல்நாட்டுக் கணக்கப்பிள்ளையைப் போல வருஷாந்தரக் கணக்கு முடிப்பதற்காகப் படிக்க வேண்டிய நிர்ப்பந்தம் என்ன?

என்னுடைய அடுத்த மனக்குறை மறுவாசிப்பைப் பற்றியது. ஒருமுறை படித்த நூலை மறுபடி படித்தால் அது கணக்கில் ஏறுவதில்லை, ஆகவே படிப்பதில்லை. உங்களிற் பலர் இதை வெளிப்படையாகவே என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். இதனால் நீங்கள் இழப்பது எவ்வளவு என்பதைச் சொல்ல, ஒரு நூலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தாராசங்கர் பந்தோபாத்யாயா வங்காளியில் எழுதி, த.நா. குமாரசாமி தமிழில் தந்த ‘ஆரோக்கிய நிகேதனம்’ என்னும் நாவலை என் இளமையில் படித்தபோது, அது நாடி பிடித்து மருத்துவம் பார்க்கும் ஜீவன் மஷாய் என்னும் கிழவருக்கும், ஊருக்குப் புதிதாக வந்த இங்கிலீஷ் வைத்தியருக்கும் இடையே நடக்கும் போட்டியைச் சொல்லும் கதை என்று எண்ணிக்கொண்டேன். யார் ஜெயிப்பார்கள் என்று அறியும் ஆவலில் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனேன். பல ஆண்டுகள் கழித்து, என் தகப்பனார் படுக்கையில் கிடந்த காலத்தில், அவர் தலைமாட்டில் இருந்தபடி அதை மறுபடி படித்தேன். இம்முறை போட்டி என் கண்ணிலேயே படவில்லை. தன் மகனுடைய நாடியைப் பிடித்துப் பார்த்து அவனுக்கு முடிவு நெருங்கிவிட்டதை அறிந்துகொள்கிற தகப்பன், அதை அறிந்ததற்காகவே அந்தத் தகப்பனை ஆயுள் முழுதும் மன்னிக்க முடியாத மனைவி, மரணத்தைப் பகையாகக் கருதாமல் பிங்கலகேசினி என்னும் பெண்ணாக, எல்லா உயிர்களையும் அணுகிவருபவளாகக் காணும் அந்தக் கிழவரின் பார்வை, இவையே நாவல் முழுதும் நிறைந்திருந்தன. எங்கள் வீட்டுக்கு வந்துபோன டாக்டர் தெர்மாமீட்டரை உதறிவிட்டு ஒன்றும் பேசாமல் படியிறங்கிய நாளில், அவருடைய மௌனத்தின் பொருளை அந்த நாவல்தான் எனக்குச் சொல்லிற்று. இளமையில் அதன்மேல் கோடிழுத்து முடித்துவிட்டேனே என்று அதன் பக்கம் திரும்பாமல் இருந்திருந்தால், ஜீவன் மஷாயை நான் சந்தித்தே இருக்க மாட்டேன்.

சிறிய நூல்கள் எளிய நூல்கள் என்று நினைத்து அவற்றைக் கடைசி மாதங்களுக்கு ஒதுக்கிவைக்கும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹெப்சிபா ஜேசுதாசன் 1964-இல் வெளியிட்ட ‘புத்தம் வீடு’ கைக்கு அடக்கமான நாவல். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். ஆனால் குமரி மண்ணின் பேச்சு காதுக்குப் பழகி, வீட்டுக்குள்ளேயே வளர்ந்துவிட்ட லிஸி வாய்திறந்து சொல்லாத சொற்கள் எத்தனை என்பது மனத்துக்குப் புலப்பட்டு, பனையேறிக் குடும்பத்தில் பிறந்த தங்கராஜுக்கும் அவளுக்கும் நடுவே நிற்கும் சுவரின் உயரம் தெரிய வேண்டுமானால், ஞாயிற்றுக்கிழமை ஒன்று போதாது. பக்கங்களின் தொகையைப் பார்த்து நூலுக்கு நாள் குறிப்பது அந்த அம்மையாருக்குச் செய்யும் அநீதி.

பட்டியல்கள் ஒன்றைப் பார்த்து மற்றொன்றாக எழுதப்படுவது இன்னொரு குறை. க.நா. சுப்ரமண்யம் பட்டியல் போட்டார் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். ஆம், போட்டார், ‘படித்திருக்கிறீர்களா?’ என்று தலைப்பிட்டே நூல் எழுதினார். ஆனால் அவர் குறிப்பிட்ட ஒவ்வொரு நூலும் அவரே தேடிப் படித்துத் தம் ரசனையில் உரைத்துப் பார்த்தது; பிறர் சொன்னதைக் கேட்டு எழுதினது அன்று. ஸெல்மா லாகர்லெவையும் நட் ஹாம்சனையும் பேர் லாகர்குவிஸ்ட்டையும் தாம் படித்ததோடு நில்லாமல், தமிழன் படிக்க வேண்டும் என்று மொழிபெயர்த்துக் கொடுத்தார். நம்முடைய பட்டியல்களோ, ஆண்டுதோறும் அதே நாற்பது ஐம்பது பெயர்களைச் சுற்றிச்சுற்றி வருகின்றன. அதனால் விளையும் தீங்கை அறிய ப. சிங்காரத்தின் கதை போதும். அவருடைய ‘புயலிலே ஒரு தோணி’ 1972-இல் அச்சாயிற்று. மெடானிலும் பினாங்கிலும் வட்டிக்கடைகளில் இருந்து பிழைத்த தமிழர்களின் வாழ்வும், ஜப்பானியர் ஆட்சியில் அந்நாடுகள் பட்ட பாடும், அங்கே அலைந்து திரியும் பாண்டியனுடைய மனத்தில் மதுரைத் தெருக்களும் பழந்தமிழ் நூல்களும் கலந்து எழுப்பும் எதிரொலியும் அமைந்த அப்படியொரு நாவல் அதற்குமுன் தமிழில் இருந்ததில்லை. ஆயினும் வெகுகாலம் அதைப் பற்றிப் பேசினவர் சிலரே. மதுரையில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்த்து, ஒதுங்கி வாழ்ந்து, 1997-இல் சிங்காரம் மறைந்தார். இன்று எல்லாப் பட்டியல்களிலும் அந்நாவல் இடம்பெறுகிறது. 1972-இல் நீங்களும் நானும் பட்டியல் போட்டிருந்தால் அதில் அது இருந்திருக்குமா? அன்று யாரோ ஒருவர், எந்தப் பட்டியலும் சொல்லாமல், தம் கையாலேயே அலமாரியிலிருந்து அதை எடுத்திருக்கிறார். அப்படி எடுத்த சிலருடைய புண்ணியத்தால்தான் அது நம்மிடம் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகன் உண்டு என்பதைத் தம் நூலக விதிகளுள் ஒன்றாக வகுத்துச் சொன்ன சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன், வாசகன் அலமாரிகளுக்கிடையே சுதந்திரமாக உலவ வேண்டும் என்று வற்புறுத்தியதும் இதற்காகத்தான். உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில், எவர் பட்டியலும் அனுப்பிவைக்காத தட்டுகளின் முன் நீங்கள் கடைசியாக நின்றது எப்போது?

இவற்றுக்கு நீங்கள் சொல்லக்கூடிய பதிலையும் நான் அறிவேன். இலக்கு ஒன்று இல்லாவிட்டால் படிப்பே நின்றுபோகும். கைப்பேசியும் தொலைக்காட்சியும் பொழுதை விழுங்கும் இக்காலத்தில், ஐம்பது என்று ஒரு எண்ணை எதிரில் வைத்துக்கொண்டால்தான் இருபத்தைந்தாவது நடக்கும் என்பீர்கள். அதில் நியாயம் உண்டு. படிக்கும் பழக்கத்தை இப்போதுதான் உண்டாக்கிக்கொள்ளும் இளைஞன் ஒருவனுக்கு அந்த எண் ஊன்றுகோலாக இருக்கட்டும். அதைப் பறிக்க நான் வரவில்லை. ஆனால் நீங்கள் பல ஆண்டுகளாகப் படிக்கிறவர்கள். எண் இல்லாவிட்டால் உங்கள் படிப்பு நின்றுபோகும் என்பதை நான் நம்பவில்லை. மேலும், எண்ணுக்காகப் படிக்கும்போது நூலோடு நாம் தனியே நின்றுவிடுகிறோம். பிறருக்கு அதில் இடமே இல்லை. எங்கள் ஊரில் மாதம் ஒருமுறை கூடும் சிறு வாசகர் குழுவில், தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் நேரில் போய்ப் பார்த்து எழுதிய ‘கரிப்பு மணிகள்’ நாவலை ஒருமுறை எடுத்துக்கொண்டோம். எல்லோரும் படித்து முடித்து, பொன்னாச்சியின் துயரத்தைப் பற்றித் தத்தம் அபிப்பிராயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தோம். அதுவரை பேசாமல் இருந்த ஓர் அம்மாள், தம் சிற்றன்னை உப்பளத்தில் வேலை செய்தவர் என்று மெல்லத் தொடங்கினார். பாத்தியில் நிற்கும் கால் எப்படி வெடித்துப்போகும், அந்த வெடிப்பில் உப்புநீர் இறங்கினால் இரவில் எப்படி எரியும், வெள்ளை வெளேரென்ற அந்தப் பரப்பில் வெயிலைப் பார்த்துப் பார்த்துக் கண் எப்படி மங்கிப்போகும், தேங்காயெண்ணெயைக் காலில் தடவிக்கொண்டு சிற்றன்னை திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கோலம் எப்படி இருக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்த மாலையில் வேறு யாரும் பேசவில்லை. அடுத்த மாதத்துக்கென்று குறித்திருந்த நூலை ஒத்திவைத்துவிட்டு, அதே நாவலை எல்லோரும் மறுபடி படித்தோம். பட்டியலின்படி அந்த வருஷம் ஒரு நூல் குறைந்துபோயிற்று. அந்தக் குறைவை நாங்கள் யாரும் குறைவாக நினைக்கவில்லை.

ஆகவே, அன்பர்களே, உங்களிடம் நான் கேட்பது இதுதான். வரும் ஜனவரியில் வழக்கம்போல் பட்டியல் எழுதுங்கள். ஆனால் பாதியோடு நிறுத்திவிடுங்கள். இருபது வரி எழுதுகிறவர்கள் பத்து வரியும், ஐம்பது வரி எழுதுகிறவர்கள் இருபத்தைந்து வரியும் எழுதி, மீதியை வெறும் தாளாக விடுங்கள். எழுதும் பாதியில், ஆண்டாண்டாக நிலுவையில் நிற்கும் பெருநூல் ஒன்றை முதல் வரியில் எழுதி, அதற்குக் காலவரை குறிக்காமல் விட்டுவிடுங்கள். அது சித்திரையில் முடிந்தாலும் கார்த்திகையில் முடிந்தாலும், முடியாமலே அடுத்த ஆண்டுக்குள் நடந்து போனாலும் அதனால் உங்களுக்கு ஒரு குறையும் இல்லை. முன்னர் படித்து மறந்துவிட்ட நூல் ஒன்றை இரண்டாம் வரியில் எழுதுங்கள். உங்கள் வாழ்க்கையில் நடுவே நடந்தவற்றையெல்லாம் எடுத்துக்கொண்டு அதனிடம் திரும்பிப் போங்கள். வெறுமையாக விட்ட பாதியை நீங்கள் நிரப்பாதீர்கள். படிக்கிற நூல்கள் நிரப்பட்டும். ‘புயலிலே ஒரு தோணி’யைப் படித்தபின் சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தைப் படிக்க வேண்டும் என்று தோன்றினால், அடுத்த வரியில் அதை எழுதுங்கள். ‘கரிப்பு மணிகள்’ உங்களைத் தூத்துக்குடிக்கு ரயில் ஏற்றினால், அந்தப் பயணத்தையும் அந்தப் பக்கத்திலேயே எழுதுங்கள். எந்த நூலும் எதையும் கேட்காத வரிகள் இருந்தால், அவை வெறுமையாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்னொன்றும் கேட்கிறேன். படித்து முடித்த நூலின் பெயர்மேல் கோடிழுப்பதை விட்டுவிட்டு, அந்தப் பெயருக்கு எதிரே, அது உங்களை எங்கே அனுப்பிற்று என்று நாலு வரி எழுதிவையுங்கள். எங்கேயும் அனுப்பவில்லையென்றால் அதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். டிசம்பரில் நாம் கூடும்போது அந்த நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவாருங்கள். ஒருவரையொருவர் எத்தனை என்று கேட்க வேண்டாம். ஒவ்வொருவரும் தாம் எழுதியவற்றில் ஒரு பக்கத்தை எடுத்துப் படியுங்கள். பன்னிரண்டு நூல் படித்தவர் முதலில் படிக்கட்டும்.

இங்ஙனம்,
உங்களோடு படிக்கும் ஒருவன்